எஸ்தர் மிஸ்ஸியின் முதல் கேள்வி

எஸ்தர் மிஸ்ஸி இறந்துபோன சேதியைக் கிள்ளானிலிருந்து வரும் மீன்காரர்தான் பாசாரில் வைத்து என்னிடம் சொன்னார். அடக்கம் செய்து மூன்று நாள் ஆகிவிட்டதாம். எனக்கு ஆள் அனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை. இதையும் நான் மறக்கப்போவதில்லை. ஆனாலும் அந்த நர்ஸம்மாவைத் தெரிந்த உங்களிடம் நான் அறிந்ததைச் சொல்லத்தான் வேண்டும். கேட்பதற்கு என் வீட்டில் இப்போது யாரும் இல்லை.

என் வீட்டுக்காரர் பிரிக்பீல்ட்ஸில் ரயிலுக்குக் கொடி காட்டும் வேலையில் இருந்தார். இனிப்பு நீர் வியாதி அவரைக் காய்ந்த குச்சியாக்கியிருந்த சமயத்தில்தான் அந்தப் புது ஊசி மருந்து வந்தது. தினம் இரண்டு வேளை போட வேண்டும். இரண்டு வேளையும் ஆஸ்பத்திரிக்கு நடந்தால் வேலை போய்விடும். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போய்விடும். வீட்டிலேயே போடப் பழக்கிவிடுகிறேன் என்று பெரிய டாக்டரிடம் மல்லுக்கு நின்றவர் எஸ்தர் மிஸ்ஸி. "படிக்காத பொம்பளைங்க பத்துப் புள்ள பெத்து வளர்க்கறாங்க, துரை. ஒரு ஊசி போட மாட்டாங்களா?" என்று கேட்டாராம்.

எண் படிக்கத் தெரியாத எனக்காக, ஊசிக் குழாயில் மருந்து நிற்க வேண்டிய இடத்தில் சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தார். சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் கொதிக்க வைத்து நிறம் பார்க்கப் பழக்கினார். நீலமாகவே நின்றால் நல்லது. கெட்ட நிறம் எது என்று காட்ட, பழைய சூளைப் பக்கத்திலிருந்து ஓர் உடைந்த செங்கல்லை எடுத்து வந்து என் அடுப்பு மேட்டில் வைத்தார்.

"இந்த நிறம் வந்துச்சுன்னா அண்ணன் எங்கயோ திருட்டுத்தனமா தேத்தண்ணி குடிச்சிருக்காருன்னு அர்த்தம், பாக்கியக்கா. வாசல்லயே நிறுத்திக் கேளுங்க."

"மிஸ்ஸி, நீங்க போலீசுல சேர்ந்திருக்கலாம்" என்பார் வீட்டுக்காரர்.

ஆனால் இரண்டு விஷயத்தை மட்டும் சிரிக்காமல் சொல்வார். ஊசி ஒரு நாளும் நிற்கக் கூடாது. சீனி அவருக்கு விஷம்.

அந்த வருஷம் தைப்பூசத்துக்கு, நோய் தீர வேண்டுமென்று, வீட்டுக்காரர் பத்துமலைக்குக் காவடி நேர்ந்துகொண்டார். விரத நாளில் மாலை விளக்கேற்றும் வரை பச்சைத் தண்ணீர்தான். காலையில் நான் வழக்கம்போல் ஊசியைப் போட்டேன். உச்சி வேளைக்கு அவர் உடம்பு வியர்த்து நடுங்கியது. கண் செருகியது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் உளறினார். குவார்ட்டர்ஸ் பெண்கள் கூடிச் சாமி வந்துவிட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். விபூதி பூசி, சூடம் கொளுத்தி, என்ன உத்தரவு சாமி என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

அடுத்த வரிசையில் வேறொரு நோயாளியைப் பார்க்க வந்திருந்த எஸ்தர் மிஸ்ஸி கூட்டத்தைக் கண்டு ஓடி வந்தார்.

"சாப்பிட்டாரா?"

"விரதம்."

"ஊசி?"

"போட்டாச்சு."

மிஸ்ஸியின் முகம் வெளுத்தது. "சீனி எடுங்க, சீக்கிரம்!"

நான் சீனி டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டேன். "நீதானே விஷம்னே? வேதக்காரி, சாமி வந்த நேரத்துல விரதத்த முறிக்கப் பாக்கறியா?"

என் கையில் ஓர் அடி வைத்து டப்பாவைப் பிடுங்கினார். சீனியைக் குழைத்து வீட்டுக்காரரின் கன்னத்துக்கு உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினார். கால் மணி நேரத்தில் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து, "என்ன எல்லாரும் நம்ம வீட்டுல? யாருக்குக் கல்யாணம்?" என்றார்.

சாப்பிடாதவருக்கு ஊசி போட்டால் ரத்தத்தில் இருக்கிற சீனியும் வற்றிவிடுமாம்; சேதி பெரிய டாக்டர் வரை போனது. அவருக்குத் தோட்டங்களில் பழகிய தமிழ் உண்டு. என்னையும் மிஸ்ஸியையும் நிறுத்தி வைத்து, "இனிமேல் வீட்டுக்கு மருந்து இல்லை. யாருக்கும் இல்லை" என்றார். எஸ்தர் மிஸ்ஸி ஓரடி முன்னால் வந்தார். "தப்பு என்னுது, துரை. நான் சரியா சொல்லிக் குடுக்கல. இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

வீட்டு மருந்து நிற்கவில்லை. மிஸ்ஸியைத்தான் கிள்ளானுக்கு மாற்றினார்கள்.

எட்டு மாதம் ஒரு வேளை தவறாமல் என் புருஷனுக்கு ஊசி போட்டவள் நான். நான் ஒன்றும் தெரியாதவளாம். எங்களைக் காப்பாற்றத்தான் மிஸ்ஸி அப்படிச் சொன்னார் என்று வீட்டுக்காரர் நூறு தடவை சொல்லியிருப்பார். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தை தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. ஆறு வருஷம் நான் மிஸ்ஸியோடு பேசவில்லை. நடுவில் வீட்டுக்காரர் விஷக் காய்ச்சலில் போனபோது, எஸ்தர் மிஸ்ஸி ரயிலேறி வந்து தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார். நான் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை.

போன வருஷம், மேரு என்ற ஊரில் கட்டிக்கொடுத்த மகளின் பிரசவத்துக்காகக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். தாழ்வாரத்தில் எஸ்தர் மிஸ்ஸி பத்துப் பதினைந்து பேரை உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். ஊசியைக் கையிலேயே எடுக்கவில்லை. கேரித் தீவிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம், "என்னென்னிக்கு விரதம் இருப்பீங்க? மொதல்ல அதச் சொல்லுங்க" என்றார். துணிக்கடைப் பாய் ஒருவரிடம் நோன்பைப் பற்றிக் கேட்டார். பிறகு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"இந்தக் கேள்விய எனக்குச் சொல்லிக் குடுத்தவங்க அதோ நிக்கறாங்க. வாங்க, பாக்கியக்கா. எனக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரியும். அவங்களக் கேளுங்க."

அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. "ரயிலுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரரை உள்ளும் புறமும் அறிந்தவர் என்னைத் தவிர மிஸ்ஸி ஒருவர்தான். இனி வீட்டுக்காரரைப் பற்றிப் பேசக்கூட எனக்கு ஆளில்லை. எஸ்தர் மிஸ்ஸி என்னிடம் விட்டுப்போனது இரண்டு வார்த்தை. டாக்டர் முன்னால் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. செத்தவரிடம் பொய் சொல்ல மாட்டேன். கிள்ளானில் சொன்னதற்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பதில் யோசித்தேன். அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அது இதுதான்:

"மிஸ்ஸி, அன்னிக்கு நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாது."