கறுப்பு வரிகள் பெருகிய நாவல்

நாற்பத்தெட்டு வயதில் தபால்வழி எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கிறவனைப் பேய் பிடிக்கத் தேவையில்லை. ஏற்கெனவே ஏதோ பிடித்துத்தான் இருக்கிறது. மரக்காணம் உப்பளத்தில் நான் சூப்பர்வைசர். அமெரிக்க இலக்கியம் பேப்பரில் இரண்டு முறை ஃபெயில். இதுதான் கடைசி வாய்ப்பு. விட்டால் மொத்தப் படிப்பும் போச்சு.

பாடத்தில் ஒரு பழைய நாவல். அமெரிக்காவில் பள்ளி நூலகங்களிலிருந்து அதைத் தூக்கச் சொல்லிப் பெரிய ரகளை நடந்ததாம். கேள்வி அந்தத் தடையைப் பற்றித்தான் வரும். பாண்டிச்சேரி பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்த பிரதியில் யாரோ ஒரு புண்ணியவான் சில வரிகளைக் கறுப்பு மையால் பட்டையாக மூடியிருந்தார். எண்ணினேன்: பதினொன்று.

மதியத்தில் பாத்திகள் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. ஆள் நடமாட்டம் இருக்காது. உப்புக் கொட்டகையில் உட்கார்ந்து படிப்பேன். புத்தகத்தை மூட்டைக்கு அடியில் செருகிவிட்டுப் போவேன். நாலாம் நாள் எண்ணினால் பதினாலு. மறுநாள் பத்தொன்பது. முந்தின நாள் நான் படித்த வரியையே காணோம். காற்று அசையவில்லை. வெளியே காய்கிற உப்பு மட்டும், யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி, நறநறத்தது.

தணிக்கைக்கு எதிராக ஆறு பக்கம் நோட்ஸ் எழுதியிருந்த முற்போக்குச் சிந்தனையாளர், அதாவது அடியேன், என்ன செய்தார்? மாதா கோயிலுக்கு ஓடி, மந்திரித்த தீர்த்தம் வாங்கிவந்து நாவல்மேல் தெளித்தார்.

மறுநாள் முப்பது வரி.

நான் அலறியதில் உப்பு வாரும் அக்கா ஓடிவந்தார்.

"என்னா சார், பாம்பா?"

"இந்தப் புக்கு தானா கறுத்துக்கிட்டே போகுதுக்கா."

பக்கத்தைத் தடவி, கறுத்த விரலைக் காட்டினார். "மூட்டைக்கு அடியில பிஸ்கட்டே நமுத்துப் போகுது, மை ஊறாதா? இந்தப் பக்கத்து மை எதிர்ப் பக்கத்துல ஒட்டிக்குது. இதுல தண்ணி வேற எவன் ஊத்தினான்?"

"தண்ணி இல்லக்கா, தீர்த்தம்."

"நல்லா படிச்சீங்க, போங்க."

பேய் இல்லை என்று தெரிந்தும் பயம் போகவில்லை. யாரோ எப்போதோ மூடியது பதினொரு வரி. அவர் தொடாத வரிகளையும் அந்த மை தின்றுகொண்டிருக்கிறதே.

பரீட்சையன்று மணி அடிக்கும்வரை புத்தகத்தை இறுக்கிப் பிடித்திருந்தேன். எதிர்பார்த்த கேள்விதான். முதல் பத்தியை ஆவேசமாக முடித்துக் கையை எடுத்தால், என் வரிகள்மேல் ஒரு கறுப்புப் பட்டை. வியர்த்த என் கைதான் பூசியிருக்கிறது. கையைத் தூக்கினேன்.

"டாய்லெட்டா?" என்றார் கண்காணிக்க வந்த மேடம்.

"சோப்பு வேணும் மேடம்."

கழுவிவிட்டு வந்து, வேறு தாளில் முதலிலிருந்து எழுதினேன்.

மயிரிழையில் பாஸ். நாவல் இப்போது வீட்டு அலமாரியின் உச்சியில், உப்பு ஜாடிக்கு ரொம்பத் தூரத்தில். எண்ணிப் பார்க்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.