உருமால் கட்ட ஒரு நாத்திகன்

மாத்தளையில் கடவுள் இல்லை என்று சொல்வதற்குப் பெரிய வீரம் தேவையில்லை. யாரும் அடிக்க வரமாட்டார்கள். "சேருக்கு ஏழரை நடக்குது போல" என்று இரக்கப்படுவார்கள், அவ்வளவுதான். நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவையியல் என்கிற தர்க்கப் பாடம் சொல்லிக்கொடுக்கும் டியூட்டரி வாத்தியார். வேறு பாடம் கிடைக்காத பிள்ளைகள்தான் பெரும்பாலும் அளவையியல் எடுப்பார்கள். அதைக் கற்பிக்கிறவனின் கதையும் ஏறக்குறைய அதுதான்.

நகரத் தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். மரண அறிவித்தல், இரத்தம் தேவை, தண்ணீர் வராது, காலை வணக்கத்தோடு ஒரு பிள்ளையார் என்று போய்க்கொண்டிருக்கும். அதில் நாத்திகர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவர் நீர்ப்பாசனத்தில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர். அவரைக் குழுவில் சேர்த்துவிட்டவனும் நான்தான். எங்களுக்கு எதிராகக் கடவுளின் சார்பில் வாதாடியவர் என் தங்கையின் கணவருக்கு அண்ணன், எனக்கு மச்சான் முறை. நாலந்தாவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார், அங்குள்ள அம்மன் கோயில் சபைக்குச் செயலாளர். அவர் எழுதமாட்டார், குரல் பதிவாகத்தான் அனுப்புவார். கடவுளுக்கான நிரூபணத்தின் நடுவே "பருப்பு அரைக்கிலோவா?" என்று கேட்கும்.

"மச்சான், சாமி இல்லேங்கிறீங்களே, இல்லேன்னு நிரூபிங்க பாப்போம்" என்பது அவருடைய முதல் அடி. இந்தக் கேள்வியை நான் இளப்பமாக நினைத்தவனல்ல. பல்லேகமைக்குப் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்த எவனுக்கும், வராத ஒன்றை இல்லாதது என்று சொல்லிவிட முடியாது என்பது தெரியும். அதையே பதிலாக எழுதினேன். பஸ் இல்லை என்று நான் சத்தியம் பண்ணவில்லை மச்சான், ஆனால் பஸ்ஸைக் கண்ணால் காணாமலே நீங்கள் டிக்கெட் விற்றுக்கொண்டிருக்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன் என்று.

"நாத்திகமும் ஒரு மதம்தான்" என்றார் அடுத்தது. அப்படியானால் எனக்கும் ஒரு அரசாங்க லீவு வாங்கித் தாருங்கள் என்றேன். பௌர்ணமிப் போயாவுக்கு லீவு, தீபாவளிக்கு லீவு, நத்தாருக்கு லீவு. இத்தனை காலம் நம்பாமல் இருந்ததற்கு எனக்கு அரைநாள்கூடக் கிடைத்ததில்லை.

அவரிடம் நல்ல வாதம் ஒன்றும் இருந்தது. "ஒலகத்துல துன்பம் இருக்கு, அதனால சாமி இல்லேங்கிறீங்க. சரி. துன்பம் கெட்டதுன்னு ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது? மேலே ஒருத்தன் இல்லேன்னா நல்லது ஏது, கெட்டது ஏது?" கடைச் சாமான்களுக்கு நடுவிலிருந்து இப்படியொன்று வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாள் முழுதும் யோசித்துவிட்டு, பல்வலி கெட்டது என்று எனக்குப் பல்லே சொல்லிக் கொடுத்தது என்று எழுதினேன். பொறியியலாளர் உடனே கைதட்டும் படம் போட்டார். குழுவில் யாரோ பல் வைத்தியர் ஒருவருடைய தொலைபேசி இலக்கம் அனுப்பினார்கள். அந்த மட்டத்தில் எல்லாம் சந்தோஷமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு மழை வந்தது. தங்கை குடும்பம் ரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில், இருந்தது. லயத்துக்கு மேலே பாதையோரத்துத் தண்ணீர்க் கான் அடைத்துக்கொண்டதென்று தங்கையின் கணவர் மம்பட்டியை எடுத்துக்கொண்டு போனார். மேட்டு மண் சரிந்து அவர்மேல் வந்தது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தகரம்கூட அசையவில்லை.

அடக்கம் முடிந்து நான் வீடு திரும்பி ஈரச் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, பொறியியலாளர் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். சரிந்த மண்மேடு, அதிலிருந்து மம்பட்டிப் பிடி மட்டும் வெளியே தெரிகிறது. கீழே எழுதியிருந்தார்: "கருணையுள்ள கடவுள் என்பவர்கள் இதற்கு விடை சொல்லட்டும்."

அந்தக் கேள்வியை வகுப்பில் நானே கேட்டிருக்கிறேன். கரும்பலகையில் அது சுத்தமான கேள்வி. அந்த மம்பட்டிப் பிடியை எனக்குத் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் காலில் தடுக்கக்கூடாதென்று எப்போதும் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருப்பார் அந்த மனிதர்.

பதில் வரத் தாமதமாகவில்லை. செத்தவரின் கூடப்பிறந்த அண்ணன், பெட்டியின்மேல் விழுந்து அழுத மனிதர், இந்த முறை குரலைத் தாழ்த்திப் பேசியிருந்தார். "சாமிய இல்லேன்னு பேசுன வாய் யாருது? அந்த வாய்க்குத் தங்கச்சி வீடு எது? நான் ஒண்ணும் சொல்லல. யோசிக்கிறவங்க யோசிச்சுக்குங்க."

நான் பேசியதற்கு என் தங்கையின் கணவரைக் கொல்கிற கடவுளுக்குக் குறிபார்க்கத் தெரியவில்லை என்று பொறியியலாளர் எழுதினார். அதற்கும் யாரோ சிரிப்புப் படம் போட்டார்கள். நான் தொலைபேசியை அரிசி வாளிக்குள் போட்டு மூடினேன். தண்ணீரில் நனைந்த போனைத்தான் அரிசிக்குள் போடுவார்கள். எனக்கு அந்த நேரம் வேறு வைத்தியம் தோன்றவில்லை.

கருமாதி நெருங்கியபோது மச்சான் நேரில் வந்தார். டியூட்டரி வாசலில் நின்றுகொண்டே பேசினார்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. உருமால் கட்ட நீங்க வரவேணாம்."

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தகப்பன் செத்தால், கருமாதியன்று மகன் மொட்டையடித்துக் குளித்துவிட்டு வந்து நிற்பான். தாய்மாமன் புது வேட்டியும் துண்டும் கொண்டுபோய் அவன் தலையில் முதல் உருமால் கட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றச் சொந்தங்கள் கட்டலாம். தங்கைக்கு ஒரு மகன் இருக்கிறான், அவளுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

"நான் கட்டாம யாரு கட்டுறது?"

"எங்க பக்கத்துல ஒருத்தரப் பாத்துக்கிறோம். சாமி இல்லேங்கிற கையால கட்டுனா புள்ளைக்கு ஆகாதுல்ல."

அன்று பின்னேரம் பொறியியலாளரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு நியாயமாகக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவருக்குச் சந்தோஷம்.

"நல்லதாப் போச்சு ஐசே! போகாதையும். நீர் போய்க் கட்டினா, பாத்தீரே, கடைசியில அவையளும் வழிக்கு வந்திட்டினம் எண்டு சொல்லுவினம். எங்கட வாதம் என்னத்துக்கு ஆகும்?"

நான்கைந்து வருடமாக ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டிருந்த இரண்டு தரப்பும் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. நான் வரக்கூடாது.

தங்கையிடமிருந்து அழைப்பு வந்தது. "அண்ணே, வேட்டி வாங்கிட்டீங்களா?"

"ஒங்க மூத்தாரு வரவேணாங்கிறாரேம்மா."

"எதுக்குன்னு நெனைக்கிறீங்க?"

"சாமி இல்லேங்கிறேன்னு."

"ஐயோ, நீங்க படிச்சு என்ன பண்றது!" என்றாள். "அண்ணே, அன்னிக்குச் சாப்பாடு முடிஞ்சோன்ன என்னைய எங்க வைக்கிறதுன்னு ஒக்காந்து பேசுவாங்க. நாலந்தாவுக்குக் கூட்டிட்டுப் போயிறணும்னு இருக்காரு. மாமியாரு படுத்த படுக்கை, பாத்துக்க ஆளில்ல. இங்க எனக்குப் புள்ளக்காம்பராவுல வேலை இருக்கு, வேலை இருக்கிற வரைக்கும் வீடு இருக்கு. போனா ரெண்டும் போச்சு. பொறந்த வீட்டு உருமால் ஏறலேன்னா எனக்குன்னு பேச அந்த எடத்துல ஆளில்லேன்னு அர்த்தம். நான் வாயத் தொறந்தாலும் எடுபடாது."

புள்ளக்காம்பரா என்றால் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். இருபது வயதிலிருந்து அவள் அங்கே ஊரார் பிள்ளைகளுக்குப் பால்மா கரைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு வாதத்தில் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கும் எடுகூற்றை, அந்த வாதம் நிற்கிற அடிப்படையை, கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்துத்தான் நான் சாப்பிடுகிறேன். மச்சானுடைய வாதத்தில் அது என் கண்ணில் படவே இல்லை. பல்வலியும் பஸ்ஸும் தேடிக்கொண்டிருந்தேன். அந்த வாதத்தின் மறைவில் இருந்தது கடவுளல்ல, ஒரு படுக்கைப் புண்ணும் அதைக் கழுவ ஒரு ஆளும். அருவருப்பு என்ற சொல்லை அதற்கு முன் நான் சும்மாதான் பாவித்து வந்திருக்கிறேன்.

வேட்டி வாங்கினேன்.

கருமாதியன்று லயத்து வாசலில் பாய் விரித்திருந்தது. மருமகன் கொழும்பில் கடையில் வேலை செய்கிற இளைஞன். மொட்டைத் தலையோடு, மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீரில் குளித்த ஈரம் சொட்டச் சொட்ட நின்றான். பொறியியலாளரும் வந்திருந்தார். செத்தவருக்கு மரியாதை செய்ய என்றார். கையில் போன் தயாராக இருந்தது.

நான் துண்டை விரித்ததும் மச்சான் குறுக்கே வந்தார். தட்டில் விபூதி. சனம் பார்த்துக்கொண்டிருந்தது.

"வந்தது வந்துட்டீங்க. தடுக்கல. இத பூசிக்கிட்டு, சாமி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கட்டுங்க. சபையறிய."

"சொல்லாதையும்" என்றார் பொறியியலாளர் என் பின்னாலிருந்து. "சொன்னா நான் பிறகு உம்மோட கதைக்கமாட்டன்."

"சொன்னா என்ன மச்சான், நாக்கு தேஞ்சா போவும்?"

"அது கொள்கை ஐயா! விளங்குதே?"

"ஒங்ககிட்ட யாரு பேசுனா? எங்க தம்பி கருமாதிக்கு நீங்க யாரு?"

பாயில் உட்கார்ந்திருந்த ஆண்களில் ஒருவர், "ரெண்டு பேரும் குழுவுல பேசிக்குங்கப்பா" என்றார். யாரோ சிரித்தார்கள். தங்கை வாசற்படியில், அவர்கள் உட்கார வைத்திருந்த இடத்தில், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளைப் பற்றிய பேச்சு என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

"மாமா, குளுருது" என்றான் மருமகன்.

தலையைக் குனிந்து கொடுத்தான். கட்டினேன். விபூதி பூசவில்லை, எதுவும் சொல்லவுமில்லை. வாழ்க்கையில் யாருக்கும் தலைப்பாகை கட்டிப் பழக்கமில்லாததால் அது ஒரு காதை மூடி, பல்வலிக்காரன் தாடையோடு சேர்த்துக் கட்டியது மாதிரி இருந்தது. யாரோ ஒரு பெரியவர் எட்டிச் சரிசெய்துவிட்டு, "சரி, தாய்மாமன் கட்டியாச்சு, அடுத்தவங்க வாங்க" என்றார்.

"சொல்லாமக் கட்டுனது எப்புடி..." என்று மச்சான் ஆரம்பித்தார். அதற்குள் அடுத்தவர் தன் துண்டோடு வரிசையில் வந்துவிட்டார். சடங்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது யாருடைய விளக்கத்துக்காகவும் நிற்பதில்லை.

சாப்பாட்டில் என் ஒரு பக்கம் மச்சான், எதிரே பொறியியலாளர். "கடைசியில கட்டுனீங்கல்ல? நம்பிக்கை உள்ளுக்குள்ள இருக்கு மச்சான்" என்றார் இவர், வடையைப் பிட்டுக்கொண்டே. "விபூதி பூசேல்லைத்தானே? கொள்கை நிண்டது" என்றார் அவர், இன்னொரு வடைக்குக் கைகாட்டிக்கொண்டே. இரண்டு பேரும் வென்றிருந்தார்கள். இரண்டு பேருடைய மீசையிலும் பருப்பு இருந்தது. எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. பந்தியில் பாதியில் எழுந்தால் பழி தங்கைக்குத்தான் வரும். தண்ணீர் குடித்துக் குடித்துச் சோற்றை இறக்கினேன்.

மச்சானுக்கு ஒரு பதில் நாக்கு நுனியில் நின்றது. அதை இங்கே சொல்லிவிடுகிறேன். தலையில் துணி கட்டினால் கடவுள் இருக்கிறார் என்றால், அந்தப் பையன் சாயங்காலம் அதை அவிழ்த்துக் கொடியில் போட்டபோது அவர் எங்கே போனார்? அன்றைக்குச் சொல்லவில்லை. பொறியியலாளருக்கும் ஒரு பதில் இருந்தது. அது அச்சில் ஏறாது.

இலை எடுத்த பிறகு உட்கார்ந்தார்கள். மச்சான் தொண்டையைச் செருமினார். "தம்பி சம்சாரம் இனிமே நம்ம வீட்டுக்கு வந்துறட்டும். நாலந்தாவுல எடம் இருக்கு. அம்மாவுக்கும் தொணையாப் போவும். என்ன சொல்றீங்க?"

ஆண்கள் தலையாட்டத் தொடங்கினார்கள்.

"நான் வரல மாமா" என்றாள் தங்கை படியிலிருந்து.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவளைப் பார்க்கவில்லை. ஒரு பெண் தன் வாயால் சொன்னதை உறுதிப்படுத்த, மூஞ்சியில் பருக்கை ஒட்டியிருந்த ஒரு அளவையியல் வாத்தியார் தேவைப்பட்டார்.

"அவ வரலங்கிறா" என்றேன்.

"ஏன்னு காரணம் சொல்லுங்க மச்சான்."

அவர் தோதாக உட்கார்ந்துகொண்டார். இரண்டு மணித்தியாலம் வாதாடத் தயாராக இருந்தார். நான் காரணம் எதுவும் சொல்லவில்லை. பெரியவர் வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார், எடுத்துக்கொண்டேன். பேச்சு முடிந்தது என்பதற்கு அங்கே அதுதான் அடையாளம்.

தங்கை எழுந்து உள்ளே போனாள். மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்குச் சனம் போகும் முன்பே புள்ளக்காம்பராவைத் திறக்க வேண்டும், சாவி எங்கே என்று மகனிடம் கேட்பது வெளியே கேட்டது.