ஒற்றை விசில்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் எழுந்து போகிற ஆள் நான். இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவன். சுடுகாட்டு ஓரமாகவெல்லாம் ஓட்டியிருக்கிறேன், ஒரு பூனைகூட என்னைப் பயமுறுத்தியதில்லை. அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். தாம்பரத்தில் கிளம்பி மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாக வேளச்சேரி போகிற வண்டி என்னுடையது. கண்டக்டர் கஜேந்திரன், என் மனைவியின் சொந்தத் தம்பி. மாமனும் மச்சானும் ஒரே வண்டியில் என்று டிப்போவில் கேலி செய்வார்கள்.

அந்த ஐப்பசியில் என் மகளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவன் டியூட்டி முடிந்து வர முக்கால் மணி தாமதம். நல்ல நேரம் போகிறதே என்று நான் அவசரப்பட்டு, என் பெரியப்பா மகன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் குத்திவிட்டேன். கஜா வந்து பார்த்தான். "அப்ப நான் யாரு இந்த வூட்டுக்கு?" என்றான். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "நேரத்துக்கு வராதவன்லாம் ஒரு மாமனா?" என்று கேட்டுவிட்டேன், அத்தனை பேர் முன்னால்.

அவ்வளவுதான். பதினோரு நாள் பேச்சே கிடையாது. ஒரே வண்டியில் எட்டு மணி நேரம், எங்களுக்கு நடுவே இருந்தது விசில் மட்டும்தான். ஒரு விசில் அடித்தால் நிறுத்துவேன், இரண்டு அடித்தால் எடுப்பேன்.

பன்னிரண்டாம் நாள் காலை ஏழரை மணி. மூன்று நாளாக அடைமழை, அப்போதுதான் விட்டிருந்தது. வண்டியில் அறுபது பேராவது இருப்பார்கள். முதல் நாள் இரவு என் மனைவி தம்பிக்காக அழுதிருந்தாள். அது வேறு எனக்கு எரிச்சல். மேடவாக்கம் தாண்டியதிலிருந்து மனசுக்குள் அவனோடு சண்டைதான். அவன் இப்படிக் கேட்டால் நான் அப்படிக் கேட்பேன், அதற்கு அவன் வாயடைத்து நிற்பான் என்று நானே இரண்டு பேருக்கும் வசனம் பேசிக்கொண்டு வருகிறேன். கண் ரோட்டில் இருந்தது, நான் அங்கே இல்லை. எத்தனை வளைவு தாண்டினேன் என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரைப் பார்த்தால் வண்டியை நிறுத்த வேண்டும், கண்டக்டர் இறங்கி முன்னால் நடந்து ஆழம் பார்க்க வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். ஆனால் அவனை இறங்கச் சொல்ல வாயைத் திறக்க வேண்டுமே! நானாவது முதலில் பேசுவதாவது என்று, அறுபது உயிரை முதுகில் வைத்துக்கொண்டு அப்படியே உள்ளே விட்டேன்.

அப்போதுதான் கேட்டது. ஒரே விசில், நீளமாக, என் இடது காதுக்குப் பக்கத்தில். அங்கே ஸ்டாப்பே கிடையாது. இவனுக்காக நிறுத்துவதா என்று மனசு முறைத்தது, ஆனால் விசிலுக்குப் பழகிய கால் என்னைக் கேட்கவா போகிறது? பிரேக்கை மிதித்துவிட்டது.

"இன்னாத்துக்கு மாமா நிறுத்தின?" பின்படியிலிருந்து ஓடி வந்தான் கஜா.

"நீதானேடா விசில் அடிச்ச?"

"நானா?"

பின்னாலேயே மீன்கூடைக்காரம்மா குரல் கொடுத்தார்: "இன்னா டிரைவரே, கூடைய ஏத்தினதுக்கு இந்தாளு இவ்ளோ நேரம் என்னாண்ட கத்திகினு கீறாரு. எந்த வாயால விசிலு ஊதுவாரு?"

வேறு யாருக்கும் எதுவும் கேட்டிருக்கவில்லை. ஆளாளுக்குப் பேசி ஐந்து நிமிடம் போனது. "சரி, நிறுத்தினது நிறுத்தின, பாத்துட்டு வரேன்" என்று கஜா இறங்கி வண்டிக்கு முன்னால் நடந்தான். மூன்றடிதான் வைத்தான். நான்காவது அடியில் ஆள் இல்லை.

அங்கிருந்த சின்னப் பாலத்தை வெள்ளம் இரவோடு இரவாக அடித்துக்கொண்டு போயிருந்தது, மேலே தண்ணீர் ஒன்றும் தெரியாத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியிலிருந்து எப்படிக் குதித்தேன் என்று தெரியவில்லை. குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டேன், என் காலை நாலைந்து பேர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு தடவை துழாவினேன், இல்லை. இரண்டாம் தடவை சட்டைக் காலர் சிக்கியது. விடுவேனா? இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் ரோட்டில் உருண்டோம். வண்டியே கைதட்டியது. மீன்கார அம்மா விசிலே அடித்தார், இரண்டு விரலை வாயில் வைத்து!

கஜா தண்ணீரைக் கக்கிவிட்டுப் பேசிய முதல் வார்த்தை: "நேரத்துக்கு வந்துட்ட மாமா." எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தைக்கு அத்தனை பேர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன்.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை என் வண்டி ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். மனசு கொதிக்கிற நாளில் சீட்டில் ஏறவே மாட்டேன். முதலில் கண்டக்டரிடம் கொட்டிவிடுவேன், முகம் கழுவுவேன், டைம் கீப்பர் கத்தினால் கத்தட்டும். வழியில் மனசு ஓடினால் கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்வேன்: சைக்கிள், எருமை, ஸ்கூல் பிள்ளை. முன்சீட்டுக்காரர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டுமே, பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள் இல்லையா!

ஒன்றுதான் இன்னும் ஜீரணமாகவில்லை. அன்று மதியம் டிப்போவில் தலை துவட்டிக்கொண்டே கஜா சொன்னான்: "முழுகினேனா, கத்த முடில மாமா. கழுத்துல தொங்கின விசிலு வாயாண்ட வந்துச்சு. இருந்த மூச்சையெல்லாம் சேத்து ஊதினேன். தண்ணிக்குள்ள எங்க சத்தம் வரும்?"

"எத்தனை தடவைடா ஊதின?"

அவன் ஒரு விரலைக் காட்டினான்.

நான் பிரேக்கை மிதித்தபோது அவன் இன்னும் பின்படியில் மீன்கார அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.