மாமனாரை மிதிக்காத கால்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கால் முன்னே வரப் பிறந்தவள் முதுகில் மிதித்தால் பிடிப்பு விடும் என்பார்கள். நான் அப்படிப் பிறந்தவள். 1940களில், திண்டிவனம் பக்கம் வாழ்க்கைப்பட்ட புதிதில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளை வண்டியில் ஏற்றிய மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்தார்.

"மூச்சுப் பிடிப்புதான். ஜல்தி மிதிம்மா," என்றார்.

"என்னாடி பாத்துக்கினு நிக்கிறே? மிதி," என்றார் மாமியார்.

மாமனார் மேல் காலை வைப்பதா? வெட்கத்தில் தலை குனிந்தேன். குனிந்ததால்தான் கண்ணில் பட்டது: தை மாதக் குளிரிலும் அவர் முதுகு முழுக்க வேர்வை. இடது கையும் வலிக்கிறது என்று முனகினார்.

"இது பிடிப்பு இல்லீங்க மாமா. ஆஸ்பத்திரிக்குப் போலாங்க."

அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மூட்டைகளைத் தள்ளிவிட்டு அதே வண்டியில் கொண்டுபோனோம். டாக்டர் நடந்ததைக் கேட்டுச் சோதித்துவிட்டு, "இதயத்துல கோளாறு. நெஞ்சுவலியோட வேர்வை, கைவலி, மூச்சுத்திணறல் வந்தா வீட்டுல காத்திருக்கவே கூடாது. மிதிக்காம கூட்டியாந்தது யாரு? கெட்டிக்காரங்க," என்றார்.

மாமனார் பிழைத்து வந்து, "மிதிக்கச் சொன்னா வண்டியில ஏத்தினவ என் மருமவ," என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். மிதிக்காததற்குப் பாதிக் காரணம் வெட்கம்தான் என்பதை நான் சொல்லவே இல்லை.

அதன்பின் யார் நெஞ்சைப் பிடித்தாலும் என் கால் எழாது, வண்டியைத்தான் கூப்பிடுவேன். டாக்டர் இன்னும் சில அறிகுறிகள் சொன்னார், மறந்துவிட்டது. விவரம் தெரிந்த யாராவது சரிபார்த்துச் சேர்த்துவிடுங்கள்.