இரண்டாயிரத்து நூற்று முப்பத்தெட்டு மைல்

"பெயர்: மங்கம்மாள், க/பெ சடையன். வயது: சுமார் 45. வேலை: கொட்டகைக் காவல். படிப்பு: இல்லை. இயந்திர அறிவு: இல்லை. குறிப்பு: வண்டி ஓட்டத் தெரியாது, ஆகவே பொறுப்பை நம்பி ஒப்படைக்கலாம்."

இப்படி 1973ஆம் வருடத்துத் தோட்டப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது. பதினோரு வருடம் கழித்து நான் பார்த்தபோது, அந்தப் பதிவுக்கு உரியவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு சிவப்புக் காரின் கம்பிச் சக்கரத்திலிருந்து துடைப்ப ஈர்க்கால் சாமை மணிகளை நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்த மணிகளை மடியில் போட்டுக்கொண்டார். ஒரு சக்கரத்துக்கு நாற்பத்தெட்டுக் கம்பிகள். ஒவ்வொரு கம்பியின் அடியிலும் ஈர்க்கு போய் வந்தது. பக்கத்தில் ஜீப்பிலிருந்து இறங்கிய நாங்கள் நிற்பதை அவர் கவனித்தார். ஆனால் அந்தச் சக்கரம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

கார் 1954இல் செய்த எம்.ஜி. இரண்டு பேர்தான் உட்காரலாம், துணிக்கூரை, நீண்ட மூக்கு. மலையில் யாரும் அந்த இரண்டு எழுத்தோடு நிறுத்துவதில்லை. மூன்றாவதைத் தாங்களாகவே சேர்த்துக்கொண்டு, வண்டிக்கு வணக்கமும் வைத்துவிட்டுப் போனார்கள்.

கோபால்சாமி என்ற இஞ்சினீயர் ஓய்வு பெற்றதும் ஜவ்வாது மலையில் ஆரஞ்சுத் தோட்டம் போட வந்தார். ஆரஞ்சு வரவில்லை. நெஞ்சுவலி வந்தது. சென்னைக்குப் போகும்போது காரைக் கொட்டகையில் விட்டுவிட்டு மங்கம்மாளிடம் ஒரு கடிதம் கொடுத்தார். அதில் நான்கு கட்டளைகள். இன்ஜினை ஓடவிடக்கூடாது. வெள்ளிதோறும் முன்னால் கைப்பிடியைச் செருகி இன்ஜினைப் பத்துச் சுற்றுச் சுற்ற வேண்டும். சக்கரத்தை ஒரே இடத்தில் நிற்கவிடக்கூடாது, அவ்வப்போது நகர்த்த வேண்டும். யாரையும் உள்ளே உட்காரவிடக்கூடாது. கடைசியில் ஒரு வாக்கு: என்றைக்காவது வண்டி நல்லபடியாக விற்றால், கொட்டகையும் அதன் முன்னால் இருக்கும் களமும் மங்கம்மாளுக்கு. நிறுத்திய அன்றைக்கு மீட்டரில் 8,412 மைல் என்று கையெழுத்துக்கு மேலே குறித்திருந்தார்.

களம் என்றால் நாற்பத்தைந்து அடிக்கும் சற்று அதிகமாக அகலம் உள்ள, சாணி மெழுகிய வட்டம். மூன்று ஊர்களுக்கு அதுதான் சமதளம். மற்றபடி மலை சரிவாகத்தான் இருக்கும்.

மங்கம்மாள் கட்டளைகளை அப்படியே நிறைவேற்றினார். அதில்தான் சிக்கல். கார் ஏறக்குறைய ஒரு டன். அதை நகர்த்த ஆள் பலம் போதாது. ஆகவே செவலை, மயிலை என்ற இரண்டு காளைகளை நுகத்தில் பூட்டி, முன்பக்க இரும்பில் கயிறு கட்டி இழுத்தார். இழுத்த இடம் களம். அந்த வருடம் ஊருக்குப் பொதுவான கல் உருளை இரண்டாகப் பிளந்துபோயிருந்தது. களத்தில் கேழ்வரகுக் கதிர் பரப்பிக் கிடந்தது. எப்படியும் நகர வேண்டிய சக்கரம் எதற்குச் சும்மா நகர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"ரப்பரு சக்கரங்க. மணி நசுங்காம உதுருது. கல்லு உருட்டுனா பாதி மாவாப் போவும்" என்று விளக்கினார், ஒரு விவசாயக் கல்லூரிப் பேராசிரியரின் நிதானத்தோடு.

வண்டி வட்டமாகத் திரும்புவதற்கு ஸ்டியரிங்கை வலப்பக்கமாக ஒடித்து, உள்ளே கைவிட்டு, கதவோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிடுவார். யாரும் உள்ளே உட்காரக்கூடாது என்று கடிதம் சொல்லியிருந்ததால் அவரும் உட்கார்ந்ததில்லை. பதினோரு வருடமாக அந்தத் தோல் சீட்டில் அவர் சேலை பட்டதில்லை. மாட்டுக்குப் பக்கத்தில் நடப்பார். எப்போதும் வலமாகத்தான். தானியக் குவியலை இடமாகச் சுற்றுவது அங்கே யாரும் செய்கிற காரியம் அல்ல. செவலை உள்மாடு, மயிலை வெளிமாடு. மாற்றிக் கட்டினால் இரண்டும் நின்றுவிடும்.

கோபால்சாமி இறந்தபின் சொத்து அவர் தம்பி மகன் அருணகிரிக்கு வந்தது. பெங்களூரில் பழைய கார்கள் சேகரிக்கும் ஒருவருக்கு அவர் எழுதிப் போட்டார். நான் அந்த பெங்களூர்க்காரரோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்தவன். அவர் எழுதிய பதில் சுருக்கமானது: மீட்டர் ஒன்பதாயிரத்துக்குள் இருந்தால் அறுபதாயிரம் ரூபாய், அதற்குமேல் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் ஐந்தாயிரம் குறையும். இந்த மாதிரிக் கார்களை வாங்குகிறவர்கள் வண்டி எவ்வளவு ஓடியது என்பதற்கு அல்ல, எவ்வளவு ஓடவில்லை என்பதற்குத்தான் விலை கொடுக்கிறார்கள். அதிகம் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட ஒரு சாமானுக்கு இது விசித்திரமான பாராட்டு.

நாங்கள் போய்ச் சேருவதற்கு முதல் நாள் நடந்ததை ஒடுகத்தூர் மெக்கானிக் பிலிப்ராஜ் பிறகு எனக்குச் சொன்னார். அருணகிரி அவரைக் கூட்டிக்கொண்டு மலையேறி வந்து, கொட்டகைக்குள் எட்டி மீட்டரைப் பார்த்தார். 10,549.

"இன்னாம்மா இது? ரெண்டாயிரம் மைலு எங்க போச்சு வண்டி? சந்தனக்கட்ட எவனுக்காவது ஏத்திக் குட்த்தியா?"

"இதுல ரெண்டு ஆளு உக்காரவே எடம் பத்தாதுங்க சின்னய்யா. கட்டய எங்க ஏத்தறது, மடியிலயா?" என்றாராம் மங்கம்மாள். பிறகு களத்தைக் காட்டினார். அருணகிரி களத்தைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார், மறுபடி காரைப் பார்த்தார். தலையில் கைவைத்துக்கொண்டு சாமை வைக்கோல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பெரியப்பா இங்கிலீஷ் காரு வெச்சிருந்தாரு. நீ அத போர் அடிக்கிற மாடு ஆக்கிட்ட."

கொஞ்ச நேரம் கழித்து பிலிப்ராஜிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். மீட்டரைப் பின்னால் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

"ஒரு ஸ்க்ரூ டிரைவரு, கால் மணி நேரம். ஊர்ல நூத்துக்கு அம்பது வண்டி அப்டித்தான் எளசா சுத்தினு கீது" என்றார் பிலிப்ராஜ். அவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்; ஆனால் மீட்டர் விஷயத்தில் சபை எதுவும் சொல்லவில்லை என்பது அவர் கட்சி.

மங்கம்மாள் எழுந்துபோய்க் கொட்டகைக் கதவைச் சாத்திப் பூட்டினார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"நாளைக்கி வர்றவுரு எதிர்ல தொறக்கறேன்."

"யாருக்கோசரம்மா செய்யறேன்? கொறஞ்சா உனுக்கும்தான் நஷ்டம். நல்லபடியா வித்தாதான் களம்னு எழுதிக் கீது."

"அதாங்க. நல்லபடியாதான் வெச்சினு கீறேன். அந்த நம்பரு நானும் மாடும் நடந்த நட. அத அழிச்சிட்டா நான் இத்தினி வருசமா வேலயே செய்யலன்னு ஆவும்."

"அப்போ களத்த மறந்துடு."

மங்கம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். களம் போனால் அடுத்த அறுவடைக்கு மூன்று ஊரும் கதிரைத் தலையில் சுமந்து நான்கு மைல் இறங்க வேண்டும். அவர் உட்பட. அது அவருக்குத் தெரியாமல் இல்லை என்று பிலிப்ராஜ் சொன்னார். தண்ணீர்த் தொட்டியருகே வெகுநேரம் நின்றிருந்தாராம்.

மறுநாள் காலையில்தான் நான் மேலே சொன்ன ஈர்க்கும் சக்கரமும். எங்கள் ஜீப் மலையேறும் சத்தம் கேட்டபிறகுதான் கொட்டகைக் கதவைத் திறந்தாராம். நான்காவது சக்கரத்தை முடித்துக்கொண்டு எழுந்தவர், மடியிலிருந்த சாமையைக் கோழிகளுக்கு உதறினார்.

பெங்களூர்க்காரர் கதவுக்குள் தலையை நீட்டி மீட்டரைப் படித்தார். கடிதத்தை வாங்கி அதிலிருந்த எண்ணையும் படித்தார். முகம் சுருங்கியது. அருணகிரி முந்திக்கொண்டார்: "மெக்கானிக் அப்பப்ப ஓட்டிப் பாத்தது சார். கண்டிஷனுக்காக."

பிலிப்ராஜ் வானத்தைப் பார்த்தார்.

"இல்லீங்க. மாடு ஓட்டுச்சு" என்றார் மங்கம்மாள்.

பெங்களூர்க்காரர் இதைக் கேட்டுச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து டயரைப் பார்த்தார். ஒவ்வொன்றாக நான்கையும் பார்த்தார். பிறகு மண்டியிட்டு முன்சக்கரங்களைத் தடவினார். இடப்பக்கத்து டயர்கள் இரண்டும் வலப்பக்கத்தைவிடத் தேய்ந்திருந்தன. முன்னால் இருந்ததில் வெளி ஓரம் மட்டும் மழமழப்பாக இருந்தது. சாலையில் போகிற வண்டி இடமும் திரும்பும், வலமும் திரும்பும். மலைச்சாலையில் கேட்கவே வேண்டாம். இந்த வண்டி பதினோரு வருடத்தில் இடது பக்கம் என்று ஒன்று உண்டு என்பதையே மறந்துபோயிருந்தது.

"வருஷத்துக்கு எத்தனை நாள் அம்மா?"

"சாமைக்கி ஏழு. கேவுருக்கு ஏழு. கொள்ளுக்கு அஞ்சு. மூணு ஊருக்கும் சேத்துங்க."

"ஒரு நாளைக்கு?"

"வெயிலு ஏறுனதுலேர்ந்து மாடு நொரை தள்றவரிக்கும்."

அவர் களத்தில் சக்கரத் தடத்தை அடிமேல் அடி வைத்து அளந்தார். சட்டைப் பையிலிருந்து பென்சில் எடுத்து, கடிதத்தின் முதுகில் கணக்குப் போட்டார். முப்பத்தெட்டுச் சுற்று ஒரு மைல். மாட்டின் நடைக்கு ஒரு நாளைக்குப் பத்து மைல். பத்தொன்பது நாள், பதினோரு வருடம். பென்சில் 2,090இல் நின்றது.

"நாப்பத்தேழு மைல் அதிகமா இருக்கே?"

மங்கம்மாள் யோசித்தார். "மாட்டுப் பொங்கலுக்கு மாட்டோட இதுவும் ஊர்வலம் போவும்ங்க. அதுவா இருக்கும்."

பிலிப்ராஜ் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். இன்ஜின் வெண்ணெய் கடைகிற மத்துப்போலச் சுழன்றது. பதினோரு வருடம் நின்ற வண்டியில் பிஸ்டன் உருளையோடு ஒட்டிக்கொண்டு கல்லாகிப் போயிருக்கும் என்று அவர் முதல் நாளே தீர்மானித்து, சுத்தியல் கொண்டுவந்திருந்தார். சுத்தியலை மெதுவாகச் சாக்குப் பைக்குள் தள்ளினார். பிரேக், பேரிங், ஸ்பிரிங் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஓடாத வண்டிங்கள நெறைய பாத்துருக்கேன். எல்லாம் சவம். இது ஓடல, ஆனா உசுரோட கீது" என்றார். இதைச் சொல்லும்போது அவர் மங்கம்மாளைப் பார்க்கவில்லை.

நாங்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் மங்கம்மாள் மாடுகளைப் பூட்டினார். கதிர் இல்லாத வெறும் களத்தில் சிவப்புக் கார் மூக்கை நீட்டிக்கொண்டு, இரண்டு மாட்டு வால்களுக்குப் பின்னால், சத்தமே இல்லாமல் வலமாகச் சுற்றியது. செவலை தன் வழக்கமான இடத்தில் குனிந்து கதிரைத் தேடியது. ஒன்றும் இல்லை என்றதும் காரைத் திரும்பிப் பார்த்தது. மூன்று சுற்றில் மங்கம்மாள் ஒருமுறைகூடக் கயிற்றைச் சுண்டவில்லை.

பெங்களூர்க்காரர் அருணகிரியிடம் சொன்னார்: "எட்டாயிரத்து நானூறு என்று காட்டியிருந்தீர்கள் என்றால் இந்நேரம் ஜீப்பில் ஏறியிருப்பேன். இந்த வருஷம் மட்டும் மூன்று வண்டி பார்த்தேன். மூன்றிலும் மீட்டர் ஒன்பதாயிரத்துக்குள். மூன்றும் பொய். குறைந்த மைலை நம்பவைக்க எனக்கு இதுவரை யாரும் இப்படி ஒரு அதிக மைலைக் காட்டியதில்லை."

அறுபத்தைந்தாயிரம் தந்தார். பேசியதற்குமேல் ஐந்து. அருணகிரி பணத்தை இரண்டு முறை எண்ணினார். பிறகு, மனிதர் கெட்டவர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், கொட்டகைக்கும் களத்துக்குமான ஒப்புதலைத் தாமே ஒரு வெள்ளைத்தாளில் எழுதினார். பத்திரம் திங்கட்கிழமை பதிவு செய்வதாகச் சொல்லி, கையெழுத்துப் போடக் காரின் மூக்குமேல் தாளை வைத்தார்.

"இருங்க சின்னய்யா" என்று மங்கம்மாள் ஓடிவந்து, பெயிண்டில் கீறல் விழாமல் தாளுக்கு அடியில் ஒரு சாக்கை மடித்து விரித்தார். வண்டி அப்போது அவருடைய பொறுப்பில் இல்லை. அதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

லாரி தார்ச்சாலையில் நின்றது. முக்கால் மைல். கடைசித் தடவையாகச் செவலையும் மயிலையும் காரை இழுத்தன. இந்த முறை ஸ்டியரிங் கயிற்றை அவிழ்த்துவிட்டு பிலிப்ராஜ் உள்ளே உட்கார்ந்து திருப்ப வேண்டியிருந்தது. முதல் இடது வளைவில் முன்சக்கரம் ஒருகணம் தயங்கியதாக அவர் சத்தியம் செய்கிறார். மூன்று ஊரும் பின்னால் வந்தது. யாரோ முன்விளக்குகள் இரண்டுக்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். "போர் வண்டி பெங்களூரு போவுதுடோய்" என்று ஒருவர் குரல் கொடுக்க, "அங்க போயி யாரு வூட்டுக் கேவுர மிதிக்கப் போவுது?" என்று இன்னொருவர் கேட்டார்.

லாரியில் ஏற்றிக் கட்டும் நேரத்தில் மங்கம்மாள் காரின் முன்பக்க இரும்பிலிருந்து இழுகயிற்றை அவிழ்த்தார். பெங்களூர்க்காரர் நினைவாக அதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"கயிறு எங்களுதுங்க" என்றார். முழம்முழமாகச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, மாடுகளைக் களத்தின் பக்கமாகத் திருப்பினார்.

லாரி ஓட்டுநர் ரசீதில் எழுதுவதற்காக மீட்டரைப் படித்துச் சொன்னார்: 10,550. வண்டி ஓட்டத் தெரியாத மங்கம்மாள் அந்தக் காரை, உள்ளே ஏறாமல், ஒரு சொட்டுப் பெட்ரோல் ஊற்றாமல், ஒரு கீறல் விழாமல், இரண்டாயிரத்து நூற்று முப்பத்தெட்டு மைல் ஓட்டினார்.