ஐந்தாவது தட்டல்

அக்டோபர் 15, 2006. ஞாயிறு, மாலை நாலு பத்து. சான்ஃபிரான்சிஸ்கோவில் பனிமூட்டம். எதிர்ச் சாரியில் கடைப் பலகை தெரிகிறது, கடை தெரியவில்லை.

எனக்கு அப்போது கவலை, கேட்க வந்த கவிதையைப் பற்றி அல்ல, நாடியைப் பற்றி. இரண்டு நாளாக நான்கு துடிக்கிறது, ஐந்தாவது வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஆறு வாரம்தானே என்று இன்ஷூரன்ஸ் எடுக்காமல் வந்தவன் எப்படிச் சொல்வான்? ஊர் திரும்ப இன்னும் பதினோரு நாள். அதுவரை தாங்கினால் நம்மூர் டாக்டர், நம்மூர் ஃபீஸ்!

பிளசன்டனிலிருந்து என்னைக் காரில் கூட்டி வந்த மகள் சித்ராவுக்கு இது தெரியாது.

“பீட் கவிதைப்பா. ஃபிஃப்டீஸ்ல இங்க பெரிய க்ரேஸ். இவங்க இன்னும் விடாம பண்றாங்க. எழுதி வெச்சுப் படிக்க மாட்டாங்க. ஜாஸ் வாசிக்க வாசிக்க, அந்த நிமிஷம் வாயில என்ன வருதோ அதான்.”

“பீட்னா தாளமா, அடி வாங்கினவனா?”

“ரெண்டும்தான்.”

நமக்கு இது புதிதா என்ன? தமிழில் கவிதை வரியும் அடி, முதுகில் விழுவதும் அடி.

கஃபேயில் எங்களையும் சேர்த்துக் கேட்க வந்தவர்கள் ஒன்பது பேர். மேடையில் இரண்டு கிழவர்கள். ஒருவர் டிரம்ஸை பிரஷ்ஷால் வருடினார். இன்னொருவர் கண்ணை மூடி நின்றார் — கையில் காகிதம் இல்லை.

“அப்பா, தாளம் போடாதீங்க. சபா இல்ல இது.”

தாளமா போட்டேன்? வலது கை, இடது மணிக்கட்டில் நாடி பார்த்துக்கொண்டிருந்தது. இடது ஆள்காட்டி விரல் துடிப்புக்குத் துடிப்பு மேஜையைத் தட்டியது. கச்சேரி கேட்டே வளர்ந்த விரல் சும்மா இருக்குமா?

கவிஞர் ஆரம்பித்தார். ஒருவன் கதவைத் தட்டுகிறானாம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... ஐந்தாவது தட்டலுக்கு ஆள் இல்லை. வாசலில் பனி மட்டும். மறுபடி ஒன்று, இரண்டு...

ஐந்தாவது இடத்தில் டிரம்ஸும் மௌனம்.

பயத்தில் விரலைத் தூக்கினேன். டிரம்ஸ் சட்டென்று நின்றது. கவிஞர் கண்ணைத் திறந்தார். நேராக என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி.

“போயிட்டானா?”

மற்ற எட்டுப் பேரும் கை தட்டினார்கள்.

டிரம்ஸ்காரர் எங்கள் மேஜைக்கு வந்தார். அவர் இங்கிலீஷில் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன். “சார், உங்க விரலைப் பார்த்துத்தான் வாசிச்சேன். என் டிரம்ஸைக் கேட்டுத்தான் அவர் பாடினார். அஞ்சாவதை மட்டும் விட்டுட்டே வந்தீங்களே... அது இந்தியத் தாளமா?”

சித்ராவுக்கு ஏகப் பெருமை. “சொல்லுங்கப்பா, என்ன தாளம்?”

பொய் சொல்லியிருக்கலாம். ஐந்து எண்ணிக்கைத் தாளமான ‘கண்ட சாபு’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் மேடையிலிருந்து அந்த மனிதர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாளம் இல்லம்மா. நாடி.”

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான்கு வரை முகத்தில் சிரிப்பு இருந்தது.

அரை மணியில் எமர்ஜென்சி. மூன்றாம் நாள் மார்புக்குள் பேஸ்மேக்கர். “இப்படியே ஃப்ளைட் ஏறியிருந்தால்...” என்ற டாக்டர், வாக்கியத்தை முடிக்கவில்லை.

இப்போது ஐந்தாவதும் வருகிறது. எண்ணிப் பார்த்துவிட்டேன்.

கவிதைக்கு அனுமதி இலவசம். காபி மூன்று டாலர். ஐந்தாவது தட்டல் — கெஞ்சிக் குறைத்த பிறகு — முப்பத்தோராயிரத்து நானூற்று எழுபது டாலர்.