கம்ப்யூட்டருக்குள் அம்மா இன்னும் கிளம்பவில்லை

அம்மா இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமைதான், எங்கள் கடலூர் வீட்டுக் கம்ப்யூட்டர் இரண்டாகப் பிரிந்தது. பிரித்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தவர், எனக்குத் துணையாக இருக்க வந்திருந்தார். அழுகிற பிள்ளைக்கு மற்ற மாமாக்கள் பஞ்சுமிட்டாய் வாங்கித் தருவார்கள். எனக்கு வாய்த்தவர் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸ் போட்டுத் தந்தார்.

அது மார்கழி மாதம். எனக்கு எட்டு வயது. நடுப்பகல் பன்னிரண்டு மணிக்குக் கார் வந்தது. அப்பாவும் அம்மாவும் சென்னை விமான நிலையத்துக்குப் போனார்கள். நான் வாசலிலேயே உட்கார்ந்து அழுது ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"இங்க வாடி. இனிமே இதுக்குள்ள ரெண்டு ஊரு இருக்குது. மேல இருக்கிறது விண்டோஸ், உன்னுது. கீழ இருக்கிறது லினக்ஸ், என்னுது. எதுக்குப் போவணும்னு மொதல்லயே சொல்லிடணும்" என்றார் மாமா.

கறுப்புத் திரையில் இரண்டு வரிகள். கீழ் வரியை அழுத்தினால் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வெட்டவெளி. அங்கே என் படங்கள் இல்லை, சில்வர் பீச்சில் அம்மா நின்ற போட்டோ இல்லை, யாருமே இல்லை. அணைத்துவிட்டு மேல் வரிக்கு வந்தால் எல்லாரும் இருந்தார்கள். ஓர் ஊரில் இருக்கும்போது இன்னோர் ஊர் எங்கே போகிறது என்று யோசித்துக்கொண்டே போவதும் வருவதுமாக இருந்தேன். மாமா பாயில் படுத்துத் தூங்கிப்போனார். மின்விசிறி மெல்லச் சுற்றியது. அழுகை எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது.

அப்போதுதான் என் ஊரின் மூலையில் மணியைப் பார்த்தேன். காலை பதினொன்று. சுவர்க் கடிகாரத்தில் மாலை நாலரை.

காலை பதினொரு மணிக்கு அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அடுப்படியில் நார்த்தங்காய் ஊறுகாயைப் பாலித்தீன் பையில் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் இதற்குள் அம்மா இன்னும் கிளம்பவில்லை. மாமாவை எழுப்பவில்லை. சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயம்.

திரையை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். அடுப்படியில் தண்ணீர் சொட்டும் சத்தம்கூட அம்மா கை கழுவுவது போலவே கேட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு எப்போதும் இருந்ததில்லை. ஆனால் அந்த மணியும் நகர்ந்தது. பன்னிரண்டு ஆனால் உள்ளேயும் கார் வந்துவிடும். அதற்கு விடக்கூடாது. பன்னிரண்டை நெருங்கும்போது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். அம்மாவைப் பிடித்து வைத்துவிட்ட நிம்மதியில் மாமா போட்ட தோசையை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டேன்.

விடிந்ததும் முதல் வேலையாகப் போட்டுப் பார்த்தால், இரவு ஒன்றரை. என்னைக் கேட்காமலே பன்னிரண்டைத் தாண்டிப் போயிருந்தது. முதல் நாளைவிட அதிகமாக அழுதேன். மாமா பதறி எழுந்து வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ரெண்டு ஊருக்கும் பொதுவா ஒரே கடியாரம்தான் பாப்பா. என்னுது உலகப் பொது மணிய அதுல எழுதி வச்சிடுது. உன்னுது அத நம்ம ஊரு மணின்னு நம்பிடுது. அதான் வித்தியாசம். இரு, சரி பண்ணிடறேன்."

அப்பா அப்போதுதான் சென்னையிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் நின்றிருந்தார்.

"அஞ்சர மணி நேரம் பின்னாடி காட்டுது மாமா. ஒரு நிமிஷ வேலைதான்" என்று அப்பாவிடம் சொன்னார் மாமா.

அப்பா திரையையே பார்த்தார். "வேணாம் மாப்ள. அது அப்படியே இருக்கட்டும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. சிப்காட் கம்பெனி பஸ்ஸைத் தவறவிடக்கூடாது என்று கைக்கடிகாரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் ஓயாமல் ஒப்பிடுகிற மனிதர் அவர். காலண்டர் கோணலாகத் தொங்கினாலே வீடு இரண்டுபடும். அவர் போய் இந்தத் தப்பு மணியைப் பொறுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் இருக்கும் பொழுதெல்லாம் கம்ப்யூட்டரைப் போட்டு வைப்பார். எதையும் திறக்க மாட்டார். விடுமுறை நாள் ஒன்றில், மதியச் சோற்றுக்கு நான் உட்கார்ந்தபோது, மூலையில் காலை ஏழு என்று இருந்ததைப் பார்த்துச் சொன்னார்:

"இந்நேரம் எழுந்திருப்பா."

"நான் எப்பவோ எழுந்துட்டேம்ப்பா" என்றேன். அவர் என் தலையைத் தடவினார்.

மார்கழியில் இங்கிலாந்து நமக்குச் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை சிதம்பரத்திலிருந்து வந்த மாமாவைத் தனியாக இழுத்துப் போய், அம்மா போனதிலிருந்து அப்பாவுக்கு மணி பார்க்கத் தெரியவில்லை என்று காதோடு சொன்னேன். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவர், அன்று சிரிக்கவில்லை.